கைக்குட்டையில் ஒரு திராட்சை

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? வாப்பா விடியுமுன் சஹருக்கு எழுந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

ஆபீசில் எனக்கு இரண்டு தடவை நெஞ்சு படபடத்தது. ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். உடனே மனநல ஆலோசகர் என்று ஓர் அம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். இலவசமாம், அதுதான் எனக்குச் சந்தேகம். அவர் ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, பத்து நிமிடம் மெதுவாக மென்று தின்னச் சொன்னார். மனதில் எது வந்தாலும் விரட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நோன்பு என்று சொல்ல வாய் வரவில்லை. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அதைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

"அந்தம்மா எழுதிக்கினு கீதே, அதெல்லாம் மேனேஜராண்ட பூடும். உஷாரா இரு" என்றாள் பக்கத்து சீட் ஸ்வாதி, ஆவடிக்காரி.

அயனம்பாக்கம் ஹாஸ்டலில் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. போனைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கிறேன். நேற்று அந்தத் திராட்சையால் திறந்தேன். மெதுவாக மென்றேன். மனதில் நீங்கள்தான் வந்தீர்கள், கஞ்சிச் சட்டியோடு. விரட்டவில்லை.

கஞ்சிக்கு மசாலாப் பொடி அனுப்புங்கள். கொஞ்சம் போதும், ஒருத்திக்குத்தானே. ஆபீஸ் வேன் வந்துவிட்டது. நீங்கள் வந்ததை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்ல மாட்டேன், எழுதிவிடுவார்.

உங்கள் மகள்
ஃபஹீமா