பெயரே போடாமல்தான் எழுதினேன்

மார்ச் 4, செவ்வாய்

ஃபேஸ்புக்கில் இன்று ஒரு படம். எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கு 'அன்பான பராமரிப்பு' விருதாம். மேனேஜர் கிளெனிஸ் கேடயத்தைக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள். அவளுக்குக் கீழே பதினொரு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஜனவரியில்தான் வேலையை விட்டேன்.

எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழுவில் எழுதிப் போட்டுவிட்டேன். டிசம்பரில் நிர்வாகக் குழுவினர் தேநீர் விருந்துக்கு வந்தபோது, சத்தம் கேட்கக் கூடாதென்று மேனேஜர், முதியவர்கள் உதவிக்குக் கூப்பிடும் அழைப்பு மணியை அணைத்து வைத்தார். குளியலறையில் விழுந்த ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் பொத்தானை அழுத்திக்கொண்டே கிடந்தார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அவ்வளவுதான். யார் பெயரையும் போடவில்லை. நான் அத்தனை முட்டாள் இல்லை.

மார்ச் 5

முந்நூறு பேர் பார்த்து, பாதிப் பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். டாரில் படித்துவிட்டு, "நல்லாத்தான் குடுத்திருக்க. இத்தோட நிறுத்திக்கோ" என்றார். புருஷன் பேச்சை முப்பது வருடமாகக் கேட்டதில்லை, இப்போது மட்டும்?

மார்ச் 6

ஜனெல் போன் செய்தாள். இறந்துபோன பெரியவர் மெர்வுடைய மகள்.

"நோலீன், அது எங்கப்பாதானே? விழுந்த உடனே தூக்கிட்டோம்னுதானே எங்ககிட்ட சொன்னாங்க?"

அவர்தான் என்றேன். தரையில் கிடந்தவரை முதலில் பார்த்ததே நான்தான் என்றேன். "அமுக்கிட்டே இருந்தேனே" என்று அவர் சொன்னதையும் சொன்னேன். பிறகு, "நீங்களாவது சொன்னீங்களே" என்றாள்.

மார்ச் 19

வக்கீல் கடிதம். ஆறு பக்கம். அவதூறாம்! இல்லம் அனுப்பவில்லை, கிளெனிஸ் தன் பெயரில் அனுப்பியிருக்கிறாள். பதில் சொல்ல இருபத்தெட்டு நாள். உண்மையைத்தானே எழுதினேன் — அதற்குமா?

மார்ச் 24, திங்கள்

பக்கத்து நகரமான பல்லாரட் போய் வக்கீலைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும்.

"நான் பேரே போடலியே."

"உங்க ஊர்ல எத்தனை முதியோர் இல்லம்?"

"ஒண்ணு."

"அதுக்கு எத்தனை மேனேஜர்?"

"ஒருத்திதான்."

"உண்மைன்னா அதை நாமதான் நிரூபிக்கணும். அவங்க மணிய அணைச்சதை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

இல்லை. பார்த்தவள் இன்னும் அங்கேயே வேலை பார்க்கும் மெரெயோனி. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இதையே முதியோர் பராமரிப்பு ஆணையத்துக்குப் புகாரா அனுப்பியிருந்தா சட்டம் உங்களைப் பாதுகாத்திருக்கும். ஊரே படிக்கிற இடத்துல எழுதியிருக்கீங்க. இப்பவும் அங்க அனுப்பலாம். ஆனா அங்கயும் பார்த்தவங்க வந்து சொல்லணும்."

ஆணையத்தின் சுவரொட்டி எங்கள் ஓய்வறைக் கதவில்தான் இருந்தது. பதினொரு வருடமாக அதன்மேல் கோட்டை மாட்டியிருக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை.

மார்ச் 30, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் மெரெயோனியிடம் பேசினேன். ஃபிஜியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அவள் விசா இல்லத்தின் கையில்; வேலை போனால் விசாவும் போகும். பிள்ளைகள் இரண்டும் ஃபிஜியில் அவள் அக்காவிடம். ஜூலையில் கூட்டிவரப் போகிறாள்.

"நான் வந்து சொல்றேன் ஆன்ட்டி. சாமி சத்தியமா பார்த்தேன், அவங்கதான் ஸ்விட்ச அணைச்சாங்க." அப்புறம் சிரித்துக்கொண்டே, "சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க, இல்ல?" என்றாள்.



ஏப்ரல் 2

டாரிலோடு பெரிய சண்டை. "உன் ரோஷத்துக்கு அந்தப் பொண்ண கூண்டுல ஏத்துவியா?" என்று கேட்டுவிட்டார். தட்டைத் தொட்டியில் போட்டு உடைத்தேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

ஏப்ரல் 3

மெரெயோனியிடம் நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். நிம்மதியில்தான் அழுதாள், எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 11, வெள்ளி

சாட்சி இல்லாமல் வழக்காட முடியாது; மன்னிப்பைப் போட்டுவிட்டேன். வாசகம் கிளெனிஸின் வக்கீல் எழுதிக் கொடுத்தது: "நான் எழுதியது உண்மையல்ல. அதனால் ஏற்பட்ட மன வேதனைக்கு வருந்துகிறேன்." முப்பது நாள் குழுவின் உச்சியில் இருக்க வேண்டும். இந்த விஷயமாக ஊரில் யாரிடமும் இனி நான் வாய் திறக்கக் கூடாது.

உண்மையல்ல. என் கையாலேயே அதைத் தட்டினேன். மெர்வ் டைல்ஸ் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்ததும் உண்மையல்ல. த்தூ.

முதல் கமெண்ட்: "பொய்க்காரி." போட்டவர் யாரென்று தெரியும். அவர் அம்மாவை ஆறு வருடம் குளிப்பாட்டியவள் நான்.

ஏப்ரல் 12

எழுந்திருக்கவே இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் ஜனெல். ரொட்டி அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை. நாலு பேர் முன்னால் காறித் துப்பப் போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல கோபம் இருந்தது நோலீன், இல்லேங்கல. ஒரு மாசம் நான் தூங்கல. ஆனா தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டீங்க பாருங்க. அப்பா அப்படிக் கிடக்கலன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

"அம்மாவுக்கு இப்ப ரொம்ப மறதி. வீட்ல வச்சுப் பார்க்க முடியல. அங்க சேக்கவான்னு ரொம்ப நாளா பயந்துட்டே இருந்தேன். இப்பதான் மனசு தெளிஞ்சுது. வெள்ளிக்கிழமை சேக்கிறோம். ரெண்டு ரூம் காலியா இருக்காம், நாலும் பதினேழும். எது நல்லாருக்கும்?"

"நாலு," என்றேன். "கேட்டு வாங்கிக்கோ. விட்டுடாதே."

"ஏன்?"

"வெயில் நல்லா வரும்."

நாலாம் அறைக்கு வெயிலே வராது. அது ஊழியர்கள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. கத்தினால் கேட்கும்.