வருஷத்துக்கு ஒரு பர்சென்ட்

மார்ச் 3

ரெண்டு லிஃப்ட் சர்வீஸ். மழை. பாப்பாவுக்கு சளி.

அண்ணன் போன் பண்ணான், அதே பாட்டு. இன்சூரன்ஸ் பணம் வந்து நாலு மாசம் ஆச்சு, இன்னும் சேவிங்ஸ்லயே தூங்குதா, இன்ஜினியர்னு வெளிய சொல்லிக்காதடான்னான். யாரோ ஒரு முதலீட்டு ஆலோசகராம், நம்பர் அனுப்பியிருக்கான். சரின்னேன். இப்பல்லாம் எதுக்கும் சரின்னு சொல்றதுதான் சுலபம்.

பேங்க் மெசேஜ் வந்தா நான் போனைக் கவுத்து வெச்சுடறேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? பாப்பாவோட அம்மா போனதுக்கு வந்த பணம் அது. மூணு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவுன்னு யாரோ விலை போட்டு அனுப்பின மாதிரி இருக்கு. வாங்கிப் போட்டுக்கிட்டது நான்.

மார்ச் 7

ஆலோசகரைப் பார்த்துட்டு வந்தேன். அத்தைகிட்ட சைட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போனேன். பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு, எனக்கும் பாப்பாவுக்கும் சமைச்சுப் போட்டுக்கிட்டு இங்கயே இருக்காங்க. அவங்ககிட்ட போய், உங்க பொண்ணு பணத்தை எங்க போட்டா நல்லா வளரும்னு கேக்கப் போறேன்னு சொல்ல முடியுமா.

ஆலோசகர் ஒரு அம்மா. படபடன்னு பேசல. நல்ல மாதிரியாத்தான் தெரியுது. எல்லாத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க, வருஷத்துக்கு மொத்தத்துல ஒரு பர்சென்ட் ஃபீஸ். ஏறினாலும் இறங்கினாலும்.

ஒரு தாள் குடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க. உங்க பணம் திடீர்னு இருபது பர்சென்ட் குறைஞ்சா என்ன செய்வீங்க? வித்துடுவேன், காத்திருப்பேன், இன்னும் வாங்குவேன்.

குறைஞ்சா நிம்மதியா இருக்கும்னு தோணுச்சு. அதுக்குக் கட்டம் இல்ல. காத்திருப்பேன்ல டிக் போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே கூசுது.

மத்தியானம் பாப்பா தூங்கிட்டா. அந்த ஃபீஸ் நியாயமான்னு பார்க்கலாம்னு லேப்டாப்ல எக்செல் ஷீட்டைத் திறந்தேன். பாப்பாவுக்கு நாலு வயசு, இருபது வருஷக் கணக்கு. வருஷத்துக்கு ஏழு பர்சென்ட் வளர்ந்தா ஒரு வரிசை, ஃபீஸ் போக ஆறு வளர்ந்தா பக்கத்துல இன்னொண்ணு. இழுத்து விட்டா கடைசியில கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு குறையுது. ஒரு பர்சென்ட்ங்கறது காதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, உள்ள போய்ப் பார்த்தா இவ்வளவு. அதை கிராஃபா போட்டேன். கலர் மாத்தினேன். அஞ்சு பர்சென்ட்னா எப்படி, எட்டுன்னா எப்படி —

சமையல்கட்டுல மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு. பாதியில நின்னுடுச்சு. அந்த அமைதியிலதான் எனக்கே கேட்டுச்சு. நான் விசில் அடிச்சிட்டு இருந்தேன்.

வேலை மும்முரத்துல அடிப்பேனே, அதே விசில். குக்கர் கூவ ஆரம்பிச்சாச்சுன்னு அவ கிண்டல் பண்ணுவாளே, அது.

எவ்வளவு நேரமா அடிச்சேன்? தெரியல. அவ்வளவு நேரமும் அவ ஞாபகமே இல்ல. அவ உசுருக்கு வந்த காசைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கிட்டு, குஷியா... சீ. மனுஷனா நான்?

லேப்டாப்பை மூடிட்டேன். மிக்ஸி அப்புறம் ரொம்ப நேரம் ஓடவே இல்ல.

மார்ச் 16

அத்தை ஒண்ணும் கேக்கல. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூட தேவல.

மார்ச் 18

கையெழுத்துப் போட்டுடலாம். ஆறுல ஒரு பங்கு போனா போகட்டும். அந்த நம்பரை நான் இனிமே பார்க்கவே வேண்டாம், அதுக்குத்தான் ஃபீஸ். அண்ணன்கிட்ட சொன்னேன். இப்பதான்டா உருப்பட்டேன்னான்.

சாப்பாட்டு நேரத்துல அத்தை மூஞ்சியைப் பார்க்க முடியல. ஃபைல் பார்க்கற மாதிரி தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 24

ஆறு மாடி குடியிருப்பு ஒண்ணுல சர்வீஸ் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். செயலாளர் பிடிச்சுக்கிட்டார். வருஷம் பூரா லிஃப்ட் ஒரு நாள் நிக்கல, நீங்க மாசாமாசம் வந்து எண்ணெய் விட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போறீங்க, இதுக்கு எதுக்கு சார் காசுன்னு. நிக்காம ஓடுது பாருங்க, அதுக்குத்தான் சார் காசுன்னேன். எப்பவும் சொல்றதுதான். கழட்டின பிரேக் லைனிங்கை எடுத்துக் காட்டினேன், பிஸ்கட் மாதிரி தேஞ்சிருந்துச்சு. முனகிக்கிட்டே போட்டார் கையெழுத்தை.

அப்புறம் கீழ லிஃப்ட் குழியில இறங்கி நிக்கும்போது உறைச்சுது. மாசாமாசம் என்ன பண்றீங்கன்னு அவர் என்னை நிக்க வெச்சுக் கேட்டார். நான் அந்தம்மாகிட்ட அதைக் கேக்கவே இல்லையே. தொல்லை விட்டா போதும்னு நீட்டின இடத்துல கையெழுத்துப் போடப் போறேன். அதுவும் யார் பணம்? பாப்பா பணம். என் வெக்கத்துக்கு அவ இருபது வருஷம் ஃபீஸ் கட்டணுமா?

இது எனக்கு ஏன் முன்னாடியே தோணல? குழியிலேருந்து ஏறவே மனசு வரல.

மார்ச் 28

கேட்டுட்டேன். மாசாமாசம் என்ன பண்ணுவீங்க?

அந்தம்மா கோவிச்சுக்கல. முதல்ல எதுல எவ்வளவு போடணும்னு ஒரு திட்டம் போடணும், அது வேலை. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை சரி பார்ப்பேன். மத்த நாளெல்லாம், மார்க்கெட் இறங்குதேன்னு பயந்து பணத்தை எடுக்காம ஆளைப் பிடிச்சு வெக்கறதுதான் பெரிய வேலை, பாதி பேருக்கு அதுக்கே ஃபீஸ் தகும்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"நீங்க பணத்தைத் தொடவே மாட்டேங்கறீங்க. உங்களை எங்க பிடிச்சு வெக்கறது?"

திட்டம் மட்டும் போட்டுத் தர ஒரே தடவை ஃபீஸ் உண்டாம், கேட்டாத்தான் சொல்வாங்களாம். அதுக்குக் கட்டினேன். ஆனா வருஷா வருஷம் நானே உக்காந்து பார்க்கணும்.

அதானே பிரச்சனை. திட்டம் பையிலயே கிடக்கு.

ஏப்ரல் 4

அத்தை துணி மடிச்சுக்கிட்டே கேட்டாங்க.

"மாப்பிள்ளை, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

எங்க ஓடறது? எல்லாத்தையும் கொட்டிட்டேன். பணம், ஆலோசகர், சைட்டுக்குப் போறேன்னு சொன்ன பொய், கிராஃப். தப்புதான் அத்தைன்னேன். பாப்பா சட்டையை மடிச்சு, பிரிச்சு, திரும்ப மடிச்சாங்க.

"அவகூட போன்ல பேசும்போது பின்னாடி அந்த விசில் கேக்கும். வேலையா இருக்கார்ம்மா, குக்கர் கூவுதுன்னு சொல்வா. அன்னிக்குக் கேட்டதும் மிக்ஸியை நிறுத்திட்டேன், கேக்கணும்னு. நீங்களும் நிறுத்திட்டீங்க."

மூக்கைச் சிந்தினேன்.

அப்புறம் அந்த ஆலோசகரை வெச்சுக்கலேன்னா எவ்வளவு மிச்சமாகும்னு கேட்டாங்க. ஆறுல ஒரு பங்குன்னேன்.

"அது பெரிய காசாச்சே மாப்பிள்ளை" — ஏதோ நான் கடையில ஏமாந்துட்டு வந்த மாதிரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

பேங்க் கணக்கைத் திறந்தேன். நம்பர்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். திட்டத்துல இருக்கற மாதிரி பிரிச்சுப் போட்டேன். ஷீட்டுல மேல 'பாப்பா படிப்பு'ன்னு பேர் வெச்சேன். இன்னும் கூசத்தான் செய்யுது. கூசிக்கிட்டே செஞ்சேன்.

பாப்பா மடியில உக்காந்து, அப்பா மாதிரி நானும் ஊதறேன்னா. எச்சில்தான் வந்துச்சு. ஸ்கிரீன் எல்லாம் தெறிச்சுது. உதட்டை இப்படிக் குவிக்கணும்னு காட்டினேன். அப்படியே விசில் அடிச்சுக்கிட்டே ஷீட்டுல நாலு வரிசை போயிடுச்சு.

மிக்ஸி நின்னுச்சு.

நான் நிறுத்தல.