இரசாயனப் பட்டதாரிக்கு ஒரு நற்சான்று

கொழும்பு,
14.01.1973

அன்புள்ள ஜெயலெட்சுமிக்கு,

இன்று பொங்கல். போன வருடம் உங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கலை நினைத்துக்கொண்டே விடுதியில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். உன் அம்மா அப்பா, ரெங்கம்மா அக்கா எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

“பேராதனையில் பீஎஸ்ஸி முடித்துவிட்டு எத்தனை நாள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது? உன் வேலை மாதிரி எனக்கும் ஏதாவது பார்” என்று எழுதியிருந்தாய். விசாரித்துவிட்டேன். எங்கள் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தில் இரசாயனப் பட்டதாரிகளை எடுத்து மேசையிலேயே பழக்குகிறார்கள். நஞ்சு, இரத்தக்கறை, கசிப்புச் சாராயம் எல்லாம் இங்கேதான் வரும். கைரேகைப் பிரிவு பொலிசாருக்கு உரியது. நமக்கு அங்கே இடமில்லை. கையெழுத்து ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பது அபூர்வம். எதற்கும் பிரஜாவுரிமை வேண்டும். உன் அப்பா போட்ட மனு என்னவாயிற்று?

மேற்படிப்பு என்றால் கிளாஸ்கோவில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. புலமைப்பரிசில் இல்லாமல் நினைக்க முடியாது. இந்தியாவில் இரண்டு வருடத் தடயவியல் பட்டம் இருக்கிறது. அதை முடித்தவர்களை அங்குள்ள ஆய்வுகூடங்கள் எடுக்கின்றனவாம். கிளாஸ்கோ என்று நான் வாயெடுத்ததற்கே வாப்பா பதுளைக் கடையிலிருந்து நீளமாக எழுதிவிட்டார். “பொம்புளப் புள்ளக்கி அவ்வளவு தூரம் எதுக்கு?” என்பதுதான் அதன் சாரம்.

சீக்கிரம் எழுது. உன் பதில்கள் எப்போதும் தாமதம்.

உன்
நூருல் இனாயா


நமுனுகுல,
02.04.1973

அன்புள்ள இனாயா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. ரெங்கம்மா அக்கா செத்துப் போய்விட்டாள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம்.

இருமலுக்கு டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்திருந்தார்கள். காலையில் அத்தான் தம்பையா அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாராம். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நான் ஓடிப்போனபோது உயிர் இல்லை. முந்தின நாள்தான் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அவர் குடிப்பது உனக்குத் தெரியும்.

டம்ளரை நானே முகர்ந்து பார்த்தேன். கொழுந்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து வாடை. இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னேன். “படிச்ச புள்ளையே சொல்லுது” என்று அத்தானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது பதுளை மறியல் சிறையில் இருக்கிறார். நாலு வயதுப் பிள்ளை எங்களிடம் இருக்கிறது.

பதுளை ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தும் தெரியவில்லையாம். வயிற்றிலிருந்து எடுத்தவற்றை உங்கள் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீ பார்ப்பாய் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. என்ன மருந்து என்று முதலில் எனக்கு எழுது.

பிரஜாவுரிமை மனு தள்ளுபடி. எங்கள் எல்லாருக்கும் இந்தியப் பாஸ்போட்தான், அங்கேதான் போகவேண்டும்.

ஜெயா


கொழும்பு,
11.04.1973

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அக்காவின் பெயரை ஒரு போத்தலின் மேல் பார்த்துவிட்டேன். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எனக்குப் பெரிய ரொட்டியாகப் பார்த்துச் சுட்டுத் தந்த கை அது.

அது என் மேசைக்குத்தான் வந்தது. மேலதிகாரியிடம் போய், “இறந்தவர் என் சிநேகிதியின் அக்கா, எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் பார்க்கிறார். என்ன கண்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தெரிந்தாலும் நீதிமன்றத்துக்கு முன் உனக்கு எழுத முடியாது.

ஒன்று கேட்கிறேன், மனம் நோகாதே. பூச்சி மருந்து வாடை என்று நீ சொன்னபோது, அத்தானும் அக்காவும் சண்டை போட்டது உனக்கு ஏற்கெனவே தெரியுமா?

உன்
இனாயா


நமுனுகுல,
16.04.1973

இனாயா,

தெரியும். அதற்கென்ன? உன்னிடம் வந்ததை நீ யாரோ ஒருவரின் கையில் தள்ளிவிட்டாய். செத்தது உன் அக்கா இல்லை. இனி எனக்கு எழுதாதே.

ஜெயலெட்சுமி


நமுனுகுல,
09.09.1973

அன்புள்ள இனாயா,

நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பிரித்தது போன வாரம்தான்.

நஞ்சு எதுவும் இல்லை, டம்ளரில் இருந்ததும் வெறும் இருமல் மருந்துதான் என்று அறிக்கை வந்தது. அக்காவின் இருதயம் முன்பே பழுதாகி இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அத்தானை விட்டுவிட்டார்கள்.

விட்டு என்ன? லயத்தில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. “மருந்து வச்சவன்” என்று பிள்ளைகள்கூடக் கத்தின. கோர்ட்டுக் காகிதத்தை இங்கே யார் வாசிக்கிறார்கள்? இவர்கள் நம்பியது என் வாயை. அதனால் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் நின்றேன்.

“எங்க அக்காவுக்கு யாரும் மருந்து வைக்கல. நான் பொலிஸ்ல சொன்னது தப்பு” என்றேன்.

மாடசாமிக் கங்காணி கேட்டார்: “அன்னிக்கும் நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? இப்ப எத நம்புறது?”

“கொழும்புல பார்த்துச் சொன்னத நம்புங்க. என்னைய நம்பாதீங்க.”

எல்லாரும் கொழுந்துக் கூடைகளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள்.

சாயந்தரம் அத்தான் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். முன்பெல்லாம் என்னை ‘ஜெயா’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது வாசலில் நின்றபடி, “புள்ளைய அனுப்புறீங்களா, டீச்சர்?” என்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறோம். அத்தான் வரவில்லை, பிள்ளையும் அவரோடுதான். நீ சொன்ன அந்த இந்தியப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அந்தத் துறையில் இருக்கும் ஒருவர் நற்சான்று தரவேண்டுமாம். உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? சிநேகிதியாக எழுதாதே. நடந்ததையும் எழுது.

ஜெயா


கொழும்பு,
20.09.1973

அன்புள்ள ஜெயா,

நற்சான்றை நேற்று அனுப்பிவிட்டேன். நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன். பிறர் சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்வது நல்லது. முக்கியமான பகுதி இது:

“இரசாயனத்தில் எங்கள் வகுப்பின் முதல் மாணவி. ஆயினும் தம் சகோதரியின் மரணத்தில், சோதனைக்கு முன்பே முடிவு சொன்னார். அதனால் குற்றமற்ற ஒருவர் மறியலில் இருக்க நேர்ந்தது. பின்னர் எவரும் வற்புறுத்தாமலே ஊர் முன் நின்று அதை மறுத்துச் சொன்னார்.”

எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். உனக்கு இடம் கிடைக்காவிட்டால் அதற்கு நான் காரணமாக இருக்கலாம். மறியல் என்ற சொல்லை அடித்தும் பார்த்தேன். மறுபடி எழுதிவிட்டேன்.

எனக்குப் பண்டாரவளையில் சம்பந்தம் பேசுகிறார்கள். கிளாஸ்கோ இந்த வருடம் இல்லை.

கப்பல் ஏறும் முன் கொழும்புக் கோட்டைக்கு வரமாட்டாயா? வரமுடியாது என்று தெரியும். கேட்டு வைக்கிறேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

உன்
இனாயா


திருச்சி,
05.07.1974

அன்புள்ள இனாயா,

நலம். அப்பாவுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்ந்த தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இங்கே எங்களைச் ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். அங்கே இருந்தவரை நாங்கள் ‘இந்தியாக்காரர்’.

போன மாதம் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் உன் கடிதத்தை உரக்க வாசித்துவிட்டு, “இதெல்லாம் உண்மையாம்மா?” என்று கேட்டார்.

“உண்மைதாங்க” என்றேன்.

“இதை எழுதியவர் உங்களுக்கு வேண்டாதவரா?”

“இல்லைங்க. ரொம்ப வேண்டியவங்க.”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுப் பதில் வந்தது. இடம் இல்லை. காரணம் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. நீயும் யோசித்துக் கொண்டிருக்காதே.

இங்கே ஒரு சீனி ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்த்து எழுதும் வேலை. பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

அடுத்த வருடமும் விண்ணப்பிப்பேன். அதற்கும் நீதான் நற்சான்று தரவேண்டும். ஒரு வரியும் குறைக்காதே.

என்றும் உன்
ஜெயா