இரண்டு நாற்பத்தேழுக்கு விழித்த அப்டேட்டர்

ஜூன் 12, வியாழன்

எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இனி முடியாது. முதலில் இந்த நோட்டிலாவது எழுதுகிறேன்.

காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கணினிகள் என் பொறுப்பு. போன வாரம் புதன் பிற்பகல், பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் இரும்பு உருளையின் கதவை ஐயாசாமி அண்ணன் திறந்தார். உள்ளே அழுத்தம் இருந்தது. கதவு அவரைத் தூக்கி எறிந்தது. பின்னாலேயே ஆவி வந்தது. நான் ஓடிப்போனபோது சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட சத்தம் – அதை எழுத மாட்டேன்.

ஜூன் 13

உருளையின் கணினிப் பதிவேட்டைப் பார்த்தேன். 2:47. ஆன்டிவைரஸின் அப்டேட்டர் விழித்த நேரம்.

யாருக்கும் தெரியாமல் பின்னணியில் கிடக்கும் சின்ன நிரல் அது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழும், புதிய வைரஸ் பட்டியலை இறக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிடும். அடையாளம் தெரியாத நிரலின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். எங்கள் உருளையின் நிரல் பதினைந்து வருடப் பழசு. அதை நிறுத்திவிட்டது. அழுத்தம் காட்டும் திரை சைபரில் உறைந்தது. ஆவி வால்வு கசிந்து உள்ளே அழுத்தம் மறுபடி ஏறியது திரைக்குத் தெரியாது. கதவிலிருக்கும் அழுத்தமானியின் முள் செத்து ஒரு வருடமாகிறது. அண்ணன் திரையை நம்பினார்.

ஜூன் 14, சனி

குளுவாங் மருத்துவமனை. அண்ணனின் மகன் ஜீவன் கார் நிறுத்துமிடத்தில் மறித்தான்.

"அப்பா சைபர் பாத்துட்டுத்தான் தொறந்தாராம். ஸ்கிரீன் எப்படி அங்கிள் பொய் சொல்லும்?"

தெரியாது என்றேன். ஹெல்மெட்டால் தாடையில் அடித்தான். "கம்ப்யூட்டர் பாக்கறது நீங்கதான? உங்களுக்கே தெரியாதா?" இன்னும் இரண்டு அடி. அவன் அம்மா பேச்சியம்மாள் ஓடிவந்து இழுத்தார்: "விடுடா. அவர அடிச்சா அப்பாவுக்குத் தோலு வந்துருமா?"

ஒரு பல் ஆடுகிறது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

விசாரணைக் கூட்டம். மேலாளர் ரூபேந்திரன் – எனக்குப் பின்னால் சேர்ந்து என் தலைக்கு மேல் ஏறியவன் – அறிக்கையை வாசித்தான். 'ஊழியரின் கவனக்குறைவு.' அண்ணனுக்கு வேலைநீக்கக் கடிதம் தயார். மருத்துவமனைக் கட்டிலிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்.

மற்றவர்கள் போனதும் அவன் சட்டையைப் பிடித்து அலமாரியில் மோதினேன். உதடு கிழிந்தது. மறுபடியும் மோதினேன். சுகமாக இருந்தது.

அவன் சிரித்தான். "அடிங்கண்ணே. அப்டேட்டர் செட்டிங் யாரு கையில இருந்துச்சுன்னு நானும் சொல்லவா?"

கையை எடுத்துவிட்டேன்.

ஜூன் 18

கொன்றிருக்க வேண்டும். யாரை?

ஜூன் 20, வெள்ளி

ஏப்ரலிலேயே இரண்டு முறை திரை உறைந்தது. 'இந்த நிரலைத் தொடாதே' என்று ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அதற்காக ஆலையைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். எல்லார் முன்னாலும் ரூபேந்திரன் சொன்னான்: "படிச்சவரு லா. பூச்சாண்டி காட்டறாரு." எல்லாரும் சிரித்தார்கள்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறு ஆலை நின்றிருந்தது. யாரையும் கேட்காமல் செய்திருக்கலாம். செய்யவில்லை. தலைமை அலுவலக ஆட்கள் வரும் நாளில் திரை உறையட்டும், இவன் மூக்கு உடையட்டும் என்று காத்திருந்தேன்.

இத்தனை நாள் நான் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம். ரூபேந்திரனுக்குப் பயந்து இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

நாளை அண்ணனுக்குக் கடிதம் கொடுக்கிறார்கள்.

ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் பெயரை மறைத்து எழுத வசதி இருக்கிறது. காலையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டினேன்: 2:47, செத்த முள், கசிந்த வால்வு, ரூபேந்திரன் சொன்னது. அப்புறம், விலக்குப் பட்டியலில் அந்த ஒரு வரியை நான் வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டதை. அந்த ஒப்புதலை மட்டும் இரண்டு முறை அழித்தேன். மூன்றாம் முறை அழிக்கவில்லை.

கையெழுத்து இல்லாமலே அனுப்புகிறேன்; தேவையும் இல்லை. அந்த ஆலையில் கணினி பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.