நாரில் முடைந்த எஞ்சின்

பரணில் கரையான் ஏறியிருக்கிறது என்று இன்று காலை எல்லாவற்றையும் இறக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு மாரியம்மா கீழே நின்று வாங்கி வைத்தாள். பித்தளை அண்டா, உடைந்த முறம், உங்கள் தோல் பெட்டி எல்லாம் வந்த பிறகு, மூலையிலிருந்து அது வந்தது.

"மதினி, இது என்னது? கோழி அடைக்கிற கூடையா?"

"எஞ்சின்" என்றேன்.

மாரியம்மா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவள் போன பிறகு அதை முற்றத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பனைநாரில் கிரீஸ் வாடை இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிய உங்கள் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருக்கின்றன. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இன்று உட்கார்ந்தேன்.

நீங்கள் சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையாரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலம். நான்கு சிலிண்டர் வண்டி அது. தட்டையான சாலையில் ராஜா மாதிரி போகும். குற்றாலத்தில் ஐந்தருவி ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். பண்ணையார் வீட்டு விருந்தாளிகள் பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ளுவார்கள். வண்டி இழுக்காததற்கு வசவெல்லாம் உங்களுக்கு. ஒரு சித்திரையில், தண்ணீர் ஊற்ற நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் பண்ணையார் ஓட்டச் சொன்னார். ஆலங்குளம் தாண்டியதும் எஞ்சின் வெடித்துவிட்டது. புதுக் கார் வந்த பிறகு, "இந்தப் பொணத்த நீயே இழுத்துட்டுப் போடா" என்று உங்களுக்கே விட்டுவிட்டார்.

இரண்டு மாடுகள் பூட்டி அதை நம் வீட்டுக் கொல்லைக்கு இழுத்து வந்தீர்கள். தெருவே பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பாடி நல்லாருக்கு பிள்ள. எஞ்சின்தாம் போச்சு. லாரி எஞ்சின் ஒண்ணு வச்சிட்டோம்னா அஞ்சு பேர ஏத்திக்கிட்டு அருவி வரைக்கும் ஒருத்தரும் எறங்காமப் போலாம்" என்றீர்கள்.

நமக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. நீங்கள் அதிகம் பேசாத மனிதர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "போதும்" என்ற ஒரு சொல். அந்த வண்டி கொல்லைக்கு வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தீர்கள். சொந்த வண்டி, சாரல் காலத்தில் ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்குச் சவாரி, யாரிடமும் வசவு வாங்காத பிழைப்பு. கிளட்ச் என்ன செய்யும், கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் எப்படிக் கைமாற்றிக்கொள்ளும் என்றெல்லாம் இரண்டு தட்டை வைத்துச் சுற்றிக் காட்டுவீர்கள். எனக்குப் புரிந்ததைவிட, நீங்கள் என்னைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதுதான் பெரிதாக இருந்தது.

ஆரியங்காவுக் கணவாயில் உருண்ட மரலாரி ஒன்றை, மலையாளம் கலந்து பேசும் செங்கோட்டை வேலாயுதன் மேஸ்திரி வாங்கிப் போட்டிருந்தார். ஆறு சிலிண்டர். எஞ்சினையும் கியர் பெட்டியையும் உங்களுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் லாரியைப் பிரித்து முடிக்க அவருக்கு நாள் ஆகும். அதற்குள் நம் வண்டியில் இடம் தயாராக இருக்க வேண்டும். எஞ்சின் வந்தால் ஒரே தடவையில் உட்கார வேண்டும். தூக்கி இறக்குவதற்கு மர அறுவைப் பட்டறைச் சங்கிலிக் கப்பியை ஒரு நாள்தான் இரவல் தருவதாகச் சொன்னார்கள்.

"நீளத்த எழுதிக்கிட்டு வந்துரலாம். அது எங்கன பெருத்திருக்கு, எங்கன சிறுத்திருக்குன்னு தாள்ல எப்படிப் பாக்க?" என்று கவலைப்பட்டீர்கள்.

நான்தான் சொன்னேன். "நீங்க கயித்துல அளந்துட்டு வாங்க. நான் அதே அளவுக்கு நார்ல முடைஞ்சு தாரேன். உள்ள வச்சுப் பாருங்க."

என் பிறந்த வீட்டில் பனைநார்ப் பெட்டி முடைவது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்று என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்காக நான் மலையையே முடைந்து தந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் செங்கோட்டைக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது கையில் நாலைந்து கயிறுகள். சுற்றளவுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. மிக நீளமான கயிற்றில் முன்னாலிருக்கும் காற்றாடியிலிருந்து கியர் பெட்டியின் வால் வரை, ஒவ்வொரு உறுப்பும் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. "இதுவரைக்கும் எஞ்சின். இந்த முடிச்சுல கிளட்ச் மூடி, இதாம் ரொம்ப அகலம். அப்புறம் கியர் பெட்டி" என்று ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக் காட்டினீர்கள்.

நீங்கள் பண்ணைக்குப் போயிருந்த ஒரு பகலில் அது நடந்தது. ஊறவைத்த நாரோடு அந்தக் கயிறும் சேர்ந்து சிக்கிக்கொண்டது. சிக்கு எடுக்கிற அவசரத்தில், சிக்கு என்று நினைத்து ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, அது கிளட்ச் மூடியின் முடிச்சு. கயிற்றில் ஒரு மடிப்பு தெரிந்தது. அங்கேதான் இருந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பவும் முடிந்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் நீங்கள் பாதி முடைந்த கூடையைத் தூக்கிப் பார்த்து, "ஏ பிள்ள, அச்சா அதேதாம்!" என்று சிரித்தீர்கள். நான் சொல்லவில்லை.

மொத்த நீளம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. கூடையை வண்டிக்குள் இறக்கிப் பார்த்தோம். கிளட்ச் மூடி வரும் இடத்தில் பழைய குறுக்குச் சட்டம் இடித்தது. நீங்கள் இரண்டு நாள் யோசித்தீர்கள். பிறகு அதை அறுத்து எடுத்துவிட்டு, நாலு விரல் பின்னால் தள்ளி வேறொரு சட்டத்தை ஆணியடித்துத் தறைந்தீர்கள். அரம் தேய்த்த கையெல்லாம் கொப்புளம். நான் விளக்கெண்ணெய் தடவினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய நாள் தெருவில் பாதிப் பேர் கொல்லையில் நின்றார்கள். கப்பியில் தொங்கிய எஞ்சின் மெல்ல மெல்ல இறங்கியது. கூடையில் இருந்த இடத்தில் வராமல், கிளட்ச் மூடி நேராகப் புதுச் சட்டத்தின் மேல் போய் முட்டி நின்றது. முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் இடித்தது. பின்னால் போக வழியில்லை. சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம் என்று சங்கிலியை விட்டபோது, பழைய குறுக்குச் சட்டத்தை எடுத்த இடத்தில் தாங்கலில்லாத இடப்பக்க நீளச்சட்டம் முனகிக்கொண்டு வளைந்தது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

கூட்டத்தில் ஒருவர், "டிரைவருக்கு எதுக்குவே கொல்லன் வேல?" என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் தலை நிமிரவில்லை. எல்லாரும் போன பிறகு வண்டியின் மிதிபலகையில் உட்கார்ந்து சொன்னீர்கள்: "நாந்தாம் தப்பா அளந்துட்டேன். கயித்த இழுத்துப் புடிக்காம வுட்டுட்டேன் போலிருக்கு."

நான் கையில் செம்புத் தண்ணீரோடு நின்றேன். வாய் வரை வந்தது. "தண்ணி குடிங்க" என்றுதான் வந்தது.

அடுத்த மாதம் பட்டாளத்துக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "அங்கன லாரி வேலையெல்லாம் முறையா பழக்குதாங்களாம். பழகிட்டு வந்து இத முடிச்சிருதேன்" என்றீர்கள். சண்டைக்காலம், நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் போனார்கள். அந்த நாள் அப்படி ஆகாவிட்டாலும் நீங்கள் போயிருப்பீர்களோ என்னவோ. எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இத்தனை வருஷமும் படுத்து எழுந்திருக்கிறேன்.

மூன்று கடிதம் எழுதினீர்கள். இரண்டாவதில் படம் போட்டிருந்தீர்கள். வளைந்த சட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம், உள்பக்கமாக இரும்புப் பட்டை கொடுத்து நிமிர்த்தலாம், குறுக்குச் சட்டத்தை இரண்டாகப் பிரித்து வைக்கலாம் என்று. கீழே எழுதியிருந்தீர்கள்: "கூடையைப் பத்திரமாக வைத்திரு. அதில் தப்பில்லை. கயிறு பிடித்த கையில்தான் தப்பு."

அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். முடிச்சு, மடிப்பு, சொல்லாமல் விட்ட சாயங்காலம், எல்லாம். அந்தக் கடிதம் போய்ச் சேரும் முன்பே உங்கள் படை மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டது போலிருக்கிறது. மூன்றாவது கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மழையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எட்டு மாதம் கழித்து என் கடிதம் மேலெல்லாம் முத்திரையோடு என்னிடமே திரும்பி வந்தது. ஒட்டிய ஓரம் ஒட்டியபடியே இருந்தது. நீங்கள் இல்லை என்ற பட்டாளத்துத் தாள் அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது. ஆனால் கடிதம் திரும்பி வந்த அன்றைக்கே நான் அழுது முடித்துவிட்டேன்.

சண்டை முடிந்த பிறகு வேலாயுதன் மேஸ்திரி வந்தார். எஞ்சின் கிடைக்காத காலம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்தார். சாக்கு போர்த்தி, எண்ணெய் பூசி நான் வைத்திருந்த விதத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தரமாட்டேன் மேஸ்திரி. இதே வண்டியில வச்சுத் தாங்க" என்று உங்கள் படத்தைக் கொடுத்தேன்.

படித்துப் பார்த்தார். "ஆளு மிடுக்கன், நல்ல மூளை. இது ஓடும்" என்றவர், ஓரத்தில் இருந்த கூடையைப் பார்த்தார். "இதை வெச்சு அளவு பாக்கட்டே?"

"அத நம்பாதீங்க. அதுல தப்பிருக்கு. நான் முடிச்ச அவுத்துட்டேன்."

அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அந்த மனிதரிடம் நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். மேஸ்திரி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு அறியுமோ?"

"தெரியாது."

மேஸ்திரி எஞ்சினையே புதிதாக அளந்தார். நீங்கள் போட்டிருந்த படத்தில் ஒரு கோடு மாறவில்லை. பதினெட்டு நாளில் எஞ்சின் உட்கார்ந்தது. கியர் தண்டு வந்த இடத்துக்காக முன்சீட்டில் ஒரு மூலையை மட்டும் வெட்டினார்கள். அந்தச் சாரலில் மேஸ்திரி ஓட்ட, அவருடைய மனைவியும் மூன்று மகள்களும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். ஏற்றத்தில் கியர் மாற்றியபோது வண்டி ஒரு முறை உறுமியது. பிறகு சீராக ஏறியது. ஒருவரும் இறங்கவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். அவர்கள் குளிக்கப் போனார்கள். நான் வண்டியிலேயே இருந்தேன்.

வண்டியை மேஸ்திரியிடமே விட்டுவிட்டேன். சாரல் காலத்தில் தினம் இரண்டு மூன்று தடவை நம் தெரு முனையில் போகிறது. அந்த எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்ப்பதில்லை; கையிலிருக்கிற வேலையை மட்டும் ஒரு நொடி நிறுத்துவேன்.

இப்போது மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். "அதுக்கென்ன பிள்ள" என்பீர்களா? "அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா? சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது போல "போதும்" என்று முடித்துவிடுவீர்களா? ஒவ்வொன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாப் பதிலும் என் குரலில்தான் வருகிறது.