யார் கை பட்டது?

மார்ச் 3

மைக்ரான் இன்று கூப்பிட்டனுப்பினார். எங்கள் ஃபோர்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி உதிர்ந்தாலும் எடுத்து அளந்து பார்க்கிற மனிதர். மேசைமேல் மூன்று இன்சர்ட். கடைசல் மெஷினில் உலோகத்தை அறுக்கும் நகத்தளவு கார்பைடு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை. ஒன்றுக்குத் தங்கப் பூச்சு, ஒன்றுக்குக் கறுப்புப் பூச்சு, மூன்றாவதற்குப் பூச்சே கிடையாது, கண்ணாடியாய் மின்னியது.

"இனிமே நமக்கு அலுமினிய மூடிதான். எதுல ஓட்டலாம்னு நீயே பாத்துச் சொல்லு."

மூன்றிலும் ஓட்டினேன். தங்கம் இரும்புக்கு ராஜாவாக இருக்கலாம். அலுமினியத்தில் அதன் முனையில் உலோகம் ஈர சோப்பு மாதிரி அப்பிக்கொண்டது, மூடி பூராவும் சொரசொரப்பு. கறுப்பும் அதே கதை. பூச்சு ஏறினால் முனையின் கூர்மை கொஞ்சம் போகும், கூர்மை போனால் அலுமினியம் ஒட்டும். பூச்சில்லாத மொட்டைதான் வெண்ணெயாய் அறுத்தது. சுருள் நிற்காமல் வழுக்கி ஓடியது. மூடியில் என் பல் தெரிந்தது. மொட்டையைச் சொன்னேன்.

"சரி, இந்த மாசம் பாக்கலாம். கழிச்சுப் போடுற ரிஜெக்ட் குறைஞ்சா வரப்போற புது மெஷின் உனக்கு. கூடிச்சு, பழையபடி மூடி ஓரத்துல பிசிறு சுரண்டுற பெஞ்சுதான்."

அந்தப் பெஞ்சில் நான்கு வருடம் விரல் கிழிந்தவள் நான். திரும்பிப் போக மாட்டேன்.

அதே மெஷினில் காலை ஷிஃப்ட் பார்ப்பது என் ஓரகத்தி, அக்கா. இன்சர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொட்டையா இருக்கேடி, தாங்குமா?" தாங்குமா என்று கேட்டாளா, தாங்கிவிடப் போகிறதே என்று கேட்டாளா?

மார்ச் 4

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மெஷின். காலை அவள், மாலை நான். முறைப்படி பார்த்தால் புது மெஷின் அவளுக்குத்தான் வர வேண்டும், என்னைவிட மூத்தவள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 9

மூடிகளில் கீறல். ஏழு ரிஜெக்ட்.

நேற்றுப் போகும்போது புது முனையைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனேன். ஒரே ஒரு காலை ஷிஃப்டில் புது முனை கெடாது, இன்று வந்து பார்த்தால் அதில் அலுமினியம் அப்பியிருக்கிறது. முனைமேல் குளிர் திரவம் ஊற்றும் கூலண்ட் குழாயின் மூக்கு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதை நேராக்கி, முனையையும் மாற்றிய பிறகுதான் சரியானது. இடையில் யார் கை பட்டது?

மார்ச் 10

பாத்திரம் கழுவும்போது கேட்டே விட்டேன். "அக்கா, நேத்து காலைல இன்சர்ட்டக் கழட்டினீங்களா?"

"நான் ஏன்டி உன் பொருளைத் தொடப்போறேன்?"

உன் பொருளாம். கம்பெனிப் பொருள் எப்போது என் பொருளானது? சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தாள். தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்தாள்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்" என்றார். அவருக்கு அண்ணி அல்லவா, விட்டுக்கொடுப்பாரா?

மார்ச் 12

யோசனை கிடைத்துவிட்டது. என் நெயில் பாலிஷ்! புது இன்சர்ட் ஒவ்வொன்றின் அடியிலும், ஒரு மூலையில், சிவப்பாக ஒரு பொட்டு. திருகு போட்டு இறுக்கினால் வெளியே துளியும் தெரியாது. மேலே வைத்தால் பார்த்துவிடுவாள், துடைத்துவிடுவாள். தேய்ந்த இன்சர்ட்டைக் கொண்டுவந்து மாற்றினால் பொட்டு இருக்காது. கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

ஊதி ஊதிக் காயவைத்தேன். எனக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 14

போச்சு. முன்னைவிட மோசம். மெஷின் விசிலடிக்கிறது, மூடியில் அலை அலையாகக் கோடு, ஒரு மூடியின் அளவு அடுத்ததில் இல்லை. இன்சர்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருக்கிறது!

அப்படியானால் அவள் மாற்றவில்லை. மெஷினில் நான் ஏற்றி வைத்த அளவைத் திருத்துகிறாள். என்னைவிடப் பெரிய கைகாரி.

மார்ச் 16

காலையிலேயே மைக்ரானிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "காலைல யாரோ கை வைக்கிறாங்க சார்."

"யாரோன்னா? அந்த மெஷின்ல நிக்கிறது ரெண்டே பேரு."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே போதுமானதாக இருந்தது. காலை ஷிஃப்டில் மெஷினைப் பூட்டிவிடச் சொல்லி, சாவியை என்னிடமே கொடுத்தார். அக்கா பிசிறு பெஞ்சுக்கு.

ராத்திரி வீட்டில் அவளைப் பார்த்தேன். விரலில் துணி சுற்றியிருந்தாள். எனக்குத் தட்டு வைத்தாள், சாப்பிட்டேன்.

மார்ச் 18

காலை முழுக்க மெஷின் பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம். இன்றும் பன்னிரண்டு ரிஜெக்ட்.

மார்ச் 19

எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

இன்சர்ட்டைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்தேன். துணி சிவந்தது. மறுபடி உட்காரவைத்து விரலால் ஒரு மூலையை அமுக்கினேன். ஆடியது. ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடியது. அடியில் என் பொட்டு தடித்து நின்றது.

தின்னரால் பொட்டைத் துடைத்து எடுத்துவிட்டு ஓட்டினேன். விசில் இல்லை, கோடு இல்லை. மூடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்படியானால் ஒன்பதாம் தேதி? கூலண்ட் குழாய் கோணியிருந்தது என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். கூலண்ட் படாமல் காய்ந்தால் எந்த முனையிலும் அலுமினியம் அப்பத்தானே செய்யும். இது தெரியாதவளா நான்? யாருமே கை வைக்கல. நான்தான் வச்சேன். அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 20

சொல்லவில்லை.

மார்ச் 23

ரிஜெக்ட் ஒன்றுகூட இல்லை. மைக்ரான் மூடியைத் தடவிப் பார்த்து, "ஆளை மாத்தினதும் எப்படி சரியாயிடுச்சு பாத்தியா!" என்றார். நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 26

அக்கா பெஞ்சிலிருந்து ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினாள். "இதுல சுரண்ட ஒண்ணுமே இல்லடி. ஓரம் கை வச்சா வழுக்குது. நீ பொறுக்கினது நல்ல இன்சர்ட்தான்." மனதாரச் சொன்னாள். அந்தக் குரலில் ஓட்டை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கூர்மையாக அறுத்தால் பிசிறு வராது. பிசிறு வராவிட்டால் பெஞ்சுக்கு ஆள் எதற்கு? சாயங்காலம் மைக்ரான் அக்காவிடம், அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 27

ஷிஃப்ட் தொடங்கும் முன்பே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொட்டு, தின்னர், கூலண்ட் குழாய், சிரித்தது. திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு இன்சர்ட்டில் பொட்டு வைக்கச் சொன்னார். காயும்வரை காத்திருந்து மைக்ரோமீட்டரால் அளந்தார்.

"நாப்பது மைக்ரான், ஒரு முடி கனம்கூட இல்ல" என்றார். மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா ஒரு பொம்பளைய வீட்டுக்கு அனுப்ப வச்சே?" என்று கேட்டார்.

அக்காவை மறுபடி காலை ஷிஃப்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். புது மெஷின் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 28

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. "பெஞ்சுக்குப் போன அன்னிக்கே யாரு சொல்லியிருப்பாங்கன்னு தெரியும்" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் அக்கா. நாளைலேர்ந்து மெஷினுக்கு வாங்க. சார் வரச் சொன்னாரு."

"வேணாங்க. ஒரே மெஷின்ல ரெண்டு பேர் நின்னா, ஒரு கீறல் விழுந்தாலும் யாருன்னு தேட வேண்டியிருக்கும். நான் வேற எங்கயாவது பாத்துக்கிறேன்."

வேணாங்க! இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் வாயில் நான் 'நீ'தான், 'வாடி போடி'தான். காது தவறாகக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"நாளைக்கு உங்களுக்குச் சாப்பாடு கட்டணுமா, இல்ல நீங்களே பாத்துக்குவீங்களா?"