காப்பி மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டவன்

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், வலது முழங்காலை மட்டும் அந்தக் கிருபையில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் பேத்தியும் சுகமாயிருக்க மூன்று வேளையும் ஜெபிக்கிறேன். இங்கே ஒரு மாதமாக வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது, துவைத்த சட்டை எதுவும் காயவில்லை.

வீட்டை விற்றுவிட்டு நியூஸிலாந்துக்கே வந்துடுங்கப்பா, ஒரு கோயிலுக்காக இந்த வயசுல எதுக்குச் சண்டை, சாமி எங்கயும் ஒண்ணுதானே என்று போனில் சொன்னாய். பின்கட்டில் எனக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னாய். பதிலுக்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன், போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்து என் கோபத்தைக் கெடுத்துவிடுகிறாய். ஃபாதர் லெனார்ட் ஓய்வு பெற்றபின் பிஷப் அனுப்பிய புதியவர் பெயர் டோபி, நம் ஆங்கிலிக்கன் சபையில் குருவுக்குக் கல்யாணம் உண்டே, மனைவியோடு வந்திருக்கிறார். ஃபாதர் என்றால் கூச்சப்படுகிறார், டோபி போதும் என்கிறார். நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவு, கெட்டவனாக இருந்தால் என் வேலை சுலபம். வந்த வேகத்தில் பெஞ்சுகளை எடுத்து நாற்காலி போட்டார், பீடத்துக்கு மேலே வெள்ளைத் திரை கட்டிப் பாட்டு வரிகளை ஓடவிட்டார். புகை அலாரத்துக்கு ஆகாது என்று, நான் இத்தனை காலம் ஆட்டிய தூபக்கலசத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், சரி, பாதியைப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் மாதா பீடத்தின் மேல் அர்ச்சித்த அப்பத்தை வைத்திருந்த நற்கருணைப் பேழையை எடுத்துவிட்டார்கள். இனிமேல் நற்கருணையைக் கோயிலில் வைப்பதில்லை என்று முடிவாம். அதன் முன்னால் எரிந்த அணையா விளக்கை ஊதி அணைத்துவிட்டு அதே இடத்தில் காப்பி மெஷினை வைத்தார்கள், ஜனங்கள் கலந்து பழகுவதற்காம்.

அடுத்த ஞாயிறு நான் உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் திரும்பியதும் உடம்பு தன் பாட்டுக்கு மண்டியிட்டு நெற்றியில் சிலுவையும் போட்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மெஷின் புஸ்ஸென்று ஆவி விடுகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் மாட்டிக்கொண்டது. டோபியின் மனைவி ஃபிலிப்பா நான் மயங்கி விழுந்ததாக நினைத்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள். வந்தவன் என்னாச்சு பெரியவரேன்னு கேட்க, காப்பி மெஷினைக் கும்பிட்டேன் தம்பி என்றேன், அவன் பதறிப்போய் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தான். உன் ஞானத்தாய் எனிட் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏம்ப்பா வில்ஃப், உன் சாமி சர்க்கரை போட்டுத் தந்தாரா என்றாள். மறுவாரம் அவளே கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதே இடத்தில் மண்டியிட்டு நின்றாள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டோபி என்னைத் தனியாக உட்கார வைத்து, கடவுள் எல்லா இடத்துலயும் இருக்காரு வில்ஃப், ஒரு பெட்டிக்குள்ள அடைக்க முடியுமா என்று அன்பாகத்தான் கேட்டார். காத்தும் எல்லா இடத்துலயும் இருக்கு ஃபாதர், டயருக்குள்ள அடைச்சாத்தான் பஸ் ஓடுது என்றேன். சிரித்தார், பேழையை மட்டும் திருப்பி வைக்கவில்லை. பஸ் டிப்போவில் காலம் தள்ளியவனுக்கு வேதசாஸ்திரம் என்ன தெரியும், பிரேக் எண்ணெய் தெரியும். ஆனால் அந்த அப்பத்தில் அவர் இருக்கிறார் என்பது தெரியும். உன் அம்மா எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது ஃபாதர் லெனார்ட் அந்தப் பேழையிலிருந்து அப்பத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறைமுகத் தெருவில் நடந்து வருவார், மீன் கடைக்காரன்கூடத் தொப்பியைக் கழற்றுவான். அதை வாங்கிக்கொண்டபோது ஆட்ரியின் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். அதற்கு மேல் எனக்கு நிரூபணம் வேண்டாம்.

அதனால் அதன்பிறகு வேண்டுமென்றே மண்டியிட்டேன். எனிட்டும் மற்ற பழைய ஆட்களும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மெஷினுக்குப் பக்கத்தில், சூடான பானம், இங்கே முழங்காலிட வேண்டாம் என்று அட்டை மாட்டினார்கள். போன ஞாயிறு அந்த அட்டைக்கு நேர் கீழேயே வரிசையாக மண்டியிட்டோம், எழுந்திருக்க எங்களுக்கு ஆகும் நேரத்தில் காப்பி வரிசை வாசல் வரை போய்விட்டது. முதன்முறையாக வந்திருந்த கிரேன் ஓட்டும் ஆள் ஒருவன் இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று தானும் மண்டியிட்டு எழுந்து, பால் கொஞ்சம் கூட ஊத்துங்கம்மா என்று ஃபிலிப்பாவிடம் கோப்பையை நீட்டினான்.

அன்றைக்குத்தான் டோபி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அங்க ஒண்ணுமே இல்ல வில்ஃப், காலி இடத்துக்கு முன்னால எதுக்கு மண்டி போடுறீங்க என்றார். காலின்னு எனக்கும் தெரியும் ஃபாதர், நீங்க அதை மறந்துடக் கூடாதுன்னுதான் போடுறேன் என்றேன். அப்புறம் குரலைத் தணித்து, பக்கத்து ஊர்ல இன்னும் பழைய முறைப் பூசை நடக்குது, வாராவாரம் நானே ஆள் வச்சுக் கார்ல அனுப்புறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்கு ஞானஸ்நானம் இங்க, என் பெண்சாதி சவப்பெட்டியை இறக்கி வச்சது இங்க, வேணும்னா நீங்க அந்த ஊருக்குப் போங்க ஃபாதர், கார் நான் ஓட்டுறேன் என்றேன். வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டேன்.

ஆகையால் மகளே, அறை கட்டினதற்கு ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், ஆனால் அதில் தையல் மெஷினைப் போட்டுக்கொள். எனிட்டுக்கு இந்த வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை, மற்றவர்களுக்கும் மாற்றி மாற்றி ஏதாவது வருகிறது. நானும் விமானம் ஏறிவிட்டால் அந்த இடம் வெறும் காப்பிக் கடை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, முழங்கால் சொல்லும் நாள்வரைக்கும். உன் சிநேகிதிகள் கேட்டால் அப்பாவுக்கு விமானப் பயம் என்று சொல்லி என் மானத்தை வாங்காதே. அப்பா கோயிலில் வேலையாக இருக்கிறார் என்று சொல்.

உன் காரின் பிரேக் கட்டைகளை மழைக்கு முன்னால் மாற்று, கிரெய்க் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதே, அவனுக்கு அதெல்லாம் காதில் விழாது. பேத்தி நெற்றியில் நான் தந்ததாக ஒரு சிலுவை போடு. கர்த்தரும் அவருடைய தாயாரும் உங்கள் மூவரையும் காத்துக்கொள்வார்களாக.

உன் பிடிவாதக்கார அப்பா,
வில்ஃப்